ரையன் டே அவர்களுக்கு, அந்த 13-10 பற்றி

மதிப்புக்குரிய பயிற்சியாளர் ரையன் டே அவர்களுக்கு,

கோப்பை வென்றவருக்குத் தோற்ற ஆட்டத்தைப் பற்றி எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனாலும் உங்கள் ஓஹையோ ஸ்டேட் அணியின் 2024 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நவம்பர் 30-ல் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றதுதான்.

6 வெற்றி, 5 தோல்வி என்று தட்டுத்தடுமாறி உங்கள் ஊரான கொலம்பஸ் வந்த அணி மிச்சிகன். உங்களிடம் ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்புகா என்று யாரும் பொறாமைப்படும் ரிசீவர்கள் (வீசும் பந்தைப் பிடிப்பவர்கள்). அவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, மிச்சிகனின் தடுப்பாட்டக்காரர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் மலை மாதிரி நின்ற நடுப்பகுதிக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பந்தோடு ஓடவிட்டீர்கள். அதுவும் முன்வரிசையில் வழி திறக்க வேண்டிய உங்கள் சென்டர், லெஃப்ட் டேக்கிள் இருவரும் காயத்தில் வெளியே இருந்தபோது! ஆட்டத்திட்டம் உதவிப் பயிற்சியாளர் சிப் கெல்லி கையில் இருந்தது, சரி. தலைமைப் பயிற்சியாளர் நீங்கள்தானே? உங்கள் கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் 2 ஃபீல்ட் கோல்களை (பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளிகளை) தவறவிட்டார். மிச்சிகனிடம் தொடர்ந்து 4-வது தோல்வி. மிச்சிகன் வீரர்கள் உங்கள் மைதானத்தில் கொடி நடப் போய் கைகலப்பு, போலீஸின் பெப்பர் ஸ்ப்ரே வேறு. உங்களை வேலையைவிட்டுத் தூக்கு என்று ஊரே கத்தியது.

சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் பழைய 4 அணி முறை என்றால் உங்கள் கோப்பைக் கனவு அன்றோடு முடிந்திருக்கும். முதன்முறையாக 12 அணிகள் ஆடிய பிளேஆஃபில் 8-வது இடத்தில் நுழைந்தீர்கள். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. பேட்டியில் என்ன சொன்னீர்கள் என்பதைவிட, டென்னஸியுடன் முதல் தாக்குதலிலேயே பந்து ஸ்மித்தைத் தேடிப் போனது பெரிய பதில். 42-17. அக்டோபரில் உங்களை 32-31 என்று வீழ்த்திய ஒரேகானிடம் ரோஸ் பவுல் காலிறுதியில் 34-0 முன்னிலை, அதுவும் இடைவேளைக்கு முன்பே. டெக்சாஸுடன் அரையிறுதியில் உங்கள் தடுப்பாட்டக்காரர் ஜாக் சாயர், தன் பழைய அறைத்தோழனும் டெக்சாஸின் குவார்ட்டர்பேக்குமான (பந்தை வீசுபவர்) க்வின் யூவர்ஸிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடினார்.

இறுதிப் போட்டியில் 31-7 என்றிருந்தது 31-23 ஆனபோது எனக்கு மறுபடியும் பயம். மூன்றாவது முயற்சி, பந்தைத் தக்கவைக்க 11 யார்டு பாக்கி. நவம்பரில் இருந்த நீங்கள் என்றால் நடுவில் ஓடவிட்டு நேரத்தைக் கரைத்திருப்பீர்கள். உங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் தூக்கிப் போட்டார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. அதன்பிறகு ஃபீல்ட் கோல் அடித்தது அதே ஃபீல்டிங். 34-23.

சாயரும் அவருடைய வகுப்பில் பலரும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போகாமல் இன்னொரு வருடம் தங்கியது மிச்சிகனை ஒரு முறையாவது வெல்லத்தான். சாம்பியன் மோதிரம் கிடைத்தது. மிச்சிகனை வென்றவர்களுக்கு மட்டும் தரும் அந்தக் குட்டித் தங்கக் கால்சட்டைப் பதக்கம் கிடைக்காமலே போய்விட்டார்கள். அந்தக் கணக்கை ரோஸ் பவுலோ அட்லாண்டா இறுதிப் போட்டியோ தீர்க்காது.

மிச்சிகனுடன் ஆட்டம் ஒவ்வொரு நவம்பரிலும் உண்டு. தயவுசெய்து பந்தை ஸ்மித் மாதிரி ரிசீவர்களுக்குப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்