8 ஜிபி கார்ட் வாங்கி நான் பட்ட பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து தாத்தா, பாட்டியின் பழைய படத்தைக் கொண்டுவந்து, "பெரிசாக்கி, கலர் போட்டுத் தாங்க" என்று கேட்பவர்களே அதிகம். பெரும்பாலும் ஸ்டாம்ப் அளவுப் படம். இந்தக் குளிரிலும் ஈரத்திலும் கண்ணின் மேலேயே பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

இதை ஏஐ மூலம் நானே செய்ய நினைத்து, கொழும்பில் ஒரு கடையில் கணினிக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் வாங்கினேன். "3060 பழசு, இதுதான் வேகம்" என்றார்கள். கேம் விளையாட அது சரி. ஆனால் 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி வி-ரேம், அதாவது கார்டின் சொந்த நினைவகம். 2023இல் வந்த 4060இல் 8 ஜிபிதான். படத்தைச் செய்யும் ஏஐ மொடல் அந்த நினைவகத்துக்குள் அடங்கினால்தான் இந்த வேலை வேகமாக நடக்கும். பிளக்ஸ் 1 என்ற படம் உருவாக்கும் மொடலுக்குள் 1,200 கோடி எண்கள். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 24 ஜிபி, பாதியாகச் சுருக்கினால் 12. என் கார்டில் அதையும் பாதியாக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் பாட்டியின் முகச் சுருக்கங்கள் மழுங்கி, வேறு யாரோ போல ஆகிவிடுகிறார். அந்தப் படத்தை எப்படிக் கையில் கொடுப்பது?

வீடியோ இன்னும் சிரமம். வான் 2.1 என்ற வீடியோ உருவாக்கும் ஏஐயின் சின்ன மொடலுக்கே 8.19 ஜிபி வேண்டும் என்று அதை வெளியிட்டவர்களே சொல்கிறார்கள். மிச்சத்தைக் கணினியின் ரேமுக்குத் தள்ளி ஓட்டலாம்தான், ஆனால் ஐந்து விநாடித் துண்டுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். பின்னேர இடியில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து.

ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பிள்ளைகள் என்ன கார்ட் எடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். பழைய 3060 12 ஜிபி கிடைத்தால் எடுங்கள், காசு இருந்தால் 4060 டிஐ அல்லது 5060 டிஐ 16 ஜிபி என்கிறேன். 3060க்கு 8 ஜிபி பதிப்பும் உண்டு, இரண்டு டிஐக்கும் உண்டு; பெட்டியில் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். 24 ஜிபி உள்ள 3090 ஆசை காட்டும், ஆனால் 350 வாட் இழுக்கும்; பவர் சப்ளையையும் மாற்ற நேரிடும். ஏஎம்டி என்ற வேறு நிறுவனத்தின் கார்டில் அதே காசுக்குக் கூடுதல் ஜிபி கிடைக்கலாம். ஆனால் இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆர்டிஎக்ஸ் கார்டுகளின் நிறுவனமான என்விடியாவின் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள் தளத்தை நம்பி எழுதப்பட்டவை; புதியவர்களுக்கு வேண்டாம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கார்ட் விலை போடும்போது, பெயருக்குப் பக்கத்திலேயே எத்தனை ஜிபி என்பதையும் தயவுசெய்து போடுங்கள்.

ஸ்டூடியோ உரிமையாளர்,
தலவாக்கலை