டெல்டா கேள்விக்கு 6 மார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பசங்க புரிஞ்சுக்காம மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதுறாங்கன்னு உங்க போன இதழ்ல ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. அதுல சொன்னது உண்மைதான், ஆனா பழியை முழுக்க பசங்க மேலயும் டியூஷன் மேலயும் போட்டுட்டாங்க, அதை என்னால ஏத்துக்க முடியல. பல வருஷமா புவியியல் எடுக்குறேன், கேள்வித்தாள் செட் பண்ணியிருக்கேன், கட்டு கட்டா பேப்பர் திருத்தியிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், மனப்பாடம் பண்ணினாதான் மார்க்குன்னு ஆக்கி வச்சது கேள்வி எடுக்குறவங்களும் திருத்துறவங்களும்தான், அதுல நானும் ஒருத்தி.

ஒரு பேப்பரை பத்தி சொல்றேன். கேள்வி, "டெல்டா உருவாகத் தேவையான சூழ்நிலைகளை விளக்குக", 10 மார்க். விடைக்குறிப்புல 5 பாயிண்ட், நிறைய வண்டல், ஆழம் குறைஞ்ச கடல், அமைதியான அலை, குறைவான ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குறது), ஆத்தோட வேகம் குறையுறது, பாயிண்டுக்கு 2 மார்க். ஒரு பையன் அஞ்சையும் தலைப்பு போட்டு அடிக்கோடு இழுத்து தலைப்புக்கு கீழ ஒரு வரி எழுதி வச்சிருந்தான், 10. அடுத்த பேப்பர் ஒரு பொண்ணோடது. தலைப்பே கிடையாது. ஆறு கடலை தொடும்போது வேகம் குறையுது, வேகம் இல்லாததால தூக்கிட்டு வந்த வண்டலை கீழ போடுது, போட்டது அங்கேயே தங்குமா இல்ல அலை அள்ளிட்டு போயிடுமாங்கிறதுதான் விஷயம், ஆறு கொண்டு வர்ற வேகத்தை விட கடல் எடுத்துட்டு போற வேகம் அதிகமா இருந்தா டெல்டா வராதுன்னு எழுதியிருந்தா. பக்கத்துல கையால ஒரு சின்ன படம், அம்புக்குறியோட. குறிப்புல இருந்த அஞ்சுல மூணுதான் அவ பேப்பர்ல வந்திருந்துச்சு, அதனால 6. அந்த 6-ஐ நான்தான் போட்டேன். டெல்டாவை உண்மையிலேயே புரிஞ்சுகிட்டது அவதான்னு தெரிஞ்சே போட்டேன், ஏன்னா குறிப்பு அப்படி. இன்னும் அது மனசுல உறுத்திகிட்டே இருக்கு.

தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சா கேள்வியிலதான். எல்லா கேள்விக்கும் கடைசியில "விளக்குக"ன்னு போட்டுடுறோம், ஆனா நமக்கு வேண்டியது பட்டியல்தான், பசங்களுக்கும் அது நல்லா தெரியும். காரணம் கேக்கணும்னா காரணம் கேக்குற மாதிரி கேள்வி இருக்கணும். அதே டெல்டாவை இப்படி கேளுங்க: "தண்ணி அளவுல அமேசானுக்கு அடுத்த பெரிய ஆறு காங்கோ. ஆனா நைல் மாதிரி அதுக்கு டெல்டா இல்ல. காங்கோவோட கழிமுகத்துலயே ஒரு ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஆரம்பிக்குதுன்னு கீழ உள்ள படம் காட்டுது. ரெண்டு ஆறுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு காரணம் சொல்லு." இப்ப அஞ்சு பாயிண்டை மனப்பாடமா ஒப்பிச்சா வேலைக்கு ஆகாது. படத்தை பாக்கணும், வர்ற வண்டல் அந்த பள்ளத்தாக்கு வழியா நேரா ஆழ்கடலுக்கு போயிடும்னு புடிக்கணும், நைலுக்கு ஓதம் ரொம்ப குறைவான மத்தியதரைக்கடல் கிடைச்சிருக்குன்னு சேக்கணும். பாடம் அதேதான், ஆனா பையன் பாடத்தை எடுத்து ஒரு இடத்துல வச்சு பாக்கணும். புவியியல்னா எனக்கு தெரிஞ்சு அதுதான், எது எங்க இருக்கு, ஏன் அங்க இருக்கு, பக்கத்து இடத்துல ஏன் இல்ல.

பூகம்பமும் அப்படித்தான். "பூகம்பத்தின் விளைவுகளை விளக்குக"ன்னு கேட்டா கட்டடம் இடியும் உயிர்ச்சேதம் வரும் சாலை பிளக்கும்னு வரும், அதுல படிச்ச பையனுக்கும் படிக்காத பையனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 2010 ஜனவரியில ஹெய்ட்டியில 7.0 அளவு பூகம்பம், ஒன்றரை மாசம் கழிச்சு பிப்ரவரி கடைசியில சிலியில 8.8. வெளிப்பட்ட சக்தியை பாத்தா சிலியோடது கிட்டத்தட்ட 500 மடங்கு. ஆனா சிலியில செத்தவங்க 500-க்கு கொஞ்சம் மேல, ஹெய்ட்டியில லட்சத்துக்கு மேலன்னுதான் பெரும்பாலான கணக்கு சொல்லுது. இந்த நாலு எண்ணை கேள்வித்தாள்லயே குடுத்துட்டு ஏன்னு கேளுங்க. ஹெய்ட்டியில மையம் தலைநகர்ல இருந்து 25 கிலோமீட்டர் சுத்துல, ஆழமும் ரொம்ப கம்மி, வீடுங்க கம்பி சரியா கட்டாத கான்கிரீட். சிலியில மையம் கடலுக்கு அடியில, 1960-ல 9.5 அளவு பூகம்பத்தை பாத்த நாடு அது, கட்டட விதியை கறாரா வச்சிருந்தாங்க. இதுல எந்த காரணம் பெருசுன்னு பையன் வாதாடலாம், தூரம்தான்னு ஒருத்தன் எழுதுவான், வறுமைதான்னு இன்னொருத்தி எழுதுவா, ரெண்டு பேரும் சரியா எழுதினா ரெண்டு பேருக்கும் முழு மார்க் போடலாம், கட்டுரை வினாவை வச்சிருக்கிறதே அதுக்குத்தானே.

கேள்வி எடுக்குறவங்க கிட்ட இன்னொரு வேண்டுகோள். ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வியை திணிக்காதீங்க. பருவக்காத்து உருவாகுறதை விளக்கி, விவசாயத்துக்கு அதோட முக்கியத்துவத்தை சொல்லி, வரைபடத்துலயும் குறிக்கணும்னா மார்க்கை எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு தாள்லயே எழுதுங்க, இல்லன்னா பாதி பசங்க முதல் பாகத்துலயே ரெண்டு பக்கம் போயிடுவாங்க. அதே மாதிரி கேள்வியை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி விடையை நீங்களே கையால எழுதி பாருங்க. ஒரு தடவை 15 நிமிஷத்துக்குன்னு நான் எடுத்த கேள்விக்கு நானே எழுதினப்ப 25 நிமிஷம் ஆச்சு, அன்னைக்கு அந்த கேள்வியை வெட்டினேன், அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் வெட்டாம விட்டேனோன்னு நினைச்சா வருத்தமா இருக்கு.

திருத்துறதுக்கு வர்றேன். கட்டுரைன்னா ஆளாளுக்கு மார்க் மாறும், அதனால எல்லாத்தையும் ஒரு மார்க் கேள்வியா மாத்திடலாம்னு சிலர் சொல்றாங்க. மார்க் மாறுங்கிறது உண்மை, நூறு வருஷத்துக்கு மேலயே தெரிஞ்ச உண்மை. 1913-ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஜியோமெட்ரி விடைத்தாளை நகல் எடுத்து நூத்துக்கும் மேல ஆசிரியர்களுக்கு அனுப்பினாங்க, நூத்துக்கு 30-க்கு கீழ இருந்து 90-க்கு மேல வரைக்கும் மார்க் வந்துச்சு, அதுவும் கணக்கு பேப்பர்ல. 1935-ல வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காக பிரிட்டன்ல ஹார்டாக், ரோட்ஸ்னு ரெண்டு பேர் 15 வரலாறு விடைத்தாளை திருத்துறவங்க 14 பேர் கிட்ட குடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல விட்டு அதே ஆளுங்க கிட்ட மறுபடியும் குடுத்தாங்க, 210 முடிவுல 92 மாறிடுச்சு. ஆனா இதுக்கு மருந்து கட்டுரையை தூக்குறது இல்ல. அந்த பொண்ணு ஆறுக்கும் கடலுக்கும் நடக்குற போட்டியை எழுதினாளே, அதை நாலு ஆப்ஷன்ல எப்படி பாப்பீங்க?

நான் இப்ப செய்யறது இது. பாயிண்ட் எண்ணுறதை விட்டுட்டேன். தகவல் மட்டும் சிதறி கிடந்தா 3 வரைக்கும், காரணம் இருந்து ஆனா விளைவோட கோக்கலைன்னா 6 வரைக்கும், கோத்து ஒரு உண்மையான இடத்தோட பொருத்தி காட்டினா 8, எந்த காரணம் எதை விட முக்கியம்னு எடை போட்டா அதுக்கு மேல. "எ.கா. நைல்"னு ஓரமா எழுதினதுக்கு மட்டும் மார்க் கிடையாது, அந்த நைல் அவன் வாதத்துக்கு ஏதாவது செய்யணும். படத்துக்கும் அதேதான், எழுதினதையே அழகா வரைஞ்சா தனி மார்க் இல்ல, எழுதாததை படம் சொன்னா கண்டிப்பா உண்டு. ஊர் பேர்ல எழுத்துப்பிழை இருந்தா எந்த ஊருன்னு புரியுற வரைக்கும் நான் குறைக்கறதில்ல.

ஒரு பேப்பரை முதல்ல இருந்து கடைசி வரை திருத்திட்டு அடுத்ததுக்கு போறதையும் நிறுத்தியாச்சு. எல்லார் பேப்பர்லயும் முதல்ல அந்த ஒரு கட்டுரையை மட்டும் திருத்திட்டு அப்புறம்தான் அடுத்த கேள்வி, இல்லன்னா முதல் விடை நல்லா இருந்த பையனுக்கு ரெண்டாவது விடையிலயும் நம்மளை அறியாம கை தாராளமா போகுது. மூணு மோசமான பேப்பருக்கு அப்புறம் வர்ற சுமாரான பேப்பர் பிரமாதமா தெரியும், அதனால கட்டு முடிஞ்சதும் முதல் பத்தை எடுத்து திரும்ப பாக்குறேன். பெரிய தேர்வுன்னா திருத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா உக்காந்து அதே பத்து பேப்பர் நகலை தனித்தனியா திருத்தி, மார்க்கை பக்கத்துல பக்கத்துல வச்சு, எங்க ஏன் மாறுதுன்னு பேசணும். அரை நாள் போகும், போனா பரவாயில்ல, அந்த அரை நாள்லதான் குறிப்புல இருக்குற ஓட்டையெல்லாம் வெளிய வரும். ஒரு தடவை தென் அமெரிக்காவோட அட்டகாமா பாலைவனம் ஏன் அவ்வளவு வறண்டு கிடக்குன்னு கேள்வி, குறிப்புல ஆண்டிஸ் மழை மறைவு, அதாவது ஆண்டிஸ் மலைத்தொடர் மழையை தடுத்துடுதுங்கிறது மட்டும்தான் இருந்துச்சு. ஒரு பையன் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடற்கரை காத்தை அடியில குளிர வைக்குது, குளிர்ந்த காத்து மேல எழும்பாது, அதனால பனிமூட்டம் வரும் மழை வராதுன்னு எழுதியிருந்தான். நூத்துக்கு நூறு சரி. குறிப்புல இல்லன்னு சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. நாங்க சேந்து உக்காந்து பேசினதாலதான் அது கண்ணுல பட்டுச்சு, மார்க் கிடைச்சுது, அப்படி பேசாம போன கட்டுங்கள்ல எத்தனை பேர் போனாங்களோ.

நேரம் இல்லைன்னு சக ஆசிரியர்கள் சொல்லுவாங்க, அது நியாயமான பேச்சுதான். ஒரு நாளைக்கு இத்தனை பேப்பர்னு துரத்தினா யாரால படிச்சு திருத்த முடியும், தலைப்பை பாத்து டிக் அடிச்சுட்டு போகத்தான் முடியும். அதனால கட்டுரையை குறைச்சு வைங்க, ஆறுக்கு பதிலா ரெண்டு போதும், ஆனா அந்த ரெண்டை உக்காந்து படிக்க நேரம் குடுங்க.

உங்க பத்திரிகை வழியா தேர்வு நடத்துறவங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். ஒவ்வொரு தேர்வு முடிஞ்சதும் கட்டுரை வினாவோட மார்க் குறிப்பையும், 4 வாங்கின விடை ஒண்ணு, 9 வாங்கின விடை ஒண்ணு, பேர் எடுத்துட்டு, ஏன் 4 ஏன் 9-ன்னு காரணத்தோட வெளியிடுங்க. பசங்க அதை ஒரு தடவை பாத்தா போதும், அடுத்த வருஷம் எதை படிக்கணும்னு அவங்களுக்கே தெரிஞ்சுடும்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை