விகிதம் இறங்கினால் சிக்கனமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை அரசாங்கத்தின் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2021இல் 20 சதவீதமாக இருந்து, 2022இல் 18 சொச்சத்துக்கு இறங்கியதை உங்கள் ஞாயிறு கட்டுரையாளர் 'சிக்கனம்' என்று மெச்சியிருந்தார். முப்பது வருடம் கணக்குக் கிளையில் இருந்த எனக்கு அந்தச் சொல் செமிக்கவில்லை.

ரூபாயில் பாருங்கள். 2021இல் ஏறத்தாழ 3,500 பில்லியன். 2022இல் 4,400 பில்லியனுக்கும் மேல். செலவு கூடித்தான் இருக்கிறது. ஆனால் 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. விலை ஏற ஏற உற்பத்தியின் ரூபாய்ப் பெறுமதியும் ஊதிப்போனது. நாடு உண்மையில் விளைவித்ததோ 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பின்னத்தில் பகுதி, அதாவது கீழே நிற்கிற எண், கூடுதலாகப் பெருத்தால் விகிதம் தானே இறங்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

அந்த நாட்களில் கிளினிக்குக்குப் போனேன். கொப்பியில் ஐந்து வகைக் குளிசை எழுதியிருந்தது. கையில் கிடைத்தது இரண்டு. "மிச்சத்தை வெளியில வாங்குங்கோ ஐயா" என்று துண்டு எழுதித் தந்தது மருந்து கொடுக்கிற பிள்ளை. மற்ற மூன்றின் செலவும் திறைசேரிக் கணக்கிலிருந்து என் ஓய்வூதியக் கணக்குக்கு மாறியது. கட்டுரையாளர் மெச்சிய சிக்கனத்தில் என் பங்கு அது.

1980 அளவில் செலவு 40 சதவீதத்தை எட்டியதை அவர் ஊதாரித்தனம் என்கிறார். விலைவாசியும் கடனும் ஏறியது உண்மைதான். ஆனால் மகாவலி ஆற்றுத் திட்டத்தில் அணைகள் எழுந்த காலம் அது. விக்டோரியாவும் கொத்மலையும் இன்றும் மின்சாரம் தருகின்றன. 2023இல் அரசாங்கத்துக்கு வந்த வருமானத்தில் 100 ரூபாய்க்கு 80 ரூபாய் கடன் வட்டிக்கே போனது. அதில் எந்த அணை எழும்? 2019 முடிவில் அரசாங்கம் தன் வருமானத்தைச் சுருக்கிக்கொண்டு, வற் எனும் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியபோது சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது 2024ஆம் ஆண்டின் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. வட்டி அந்தக் கணக்கில் சேராது. வரம்பே கூடாது என்பதல்ல என் கட்சி. ஆசிரியர் சம்பளம், குளிசை, தெருத் திருத்தம் எல்லாம் 13க்குள் நெருக்கியடித்து நிற்க, வட்டி மட்டும் வேலிக்கு வெளியே காலாற நடக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

வருகிற வரவு செலவுத் திட்ட நாளில் விகிதத்தை ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். வட்டி எவ்வளவு, சம்பளமும் ஓய்வூதியமும் எவ்வளவு, மூலதனச் செலவு எவ்வளவு என்று பிரித்து, பக்கத்திலேயே அந்த வருடத்துப் பணவீக்கத்தையும் போடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கரவெட்டி.