டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த இரண்டு கொத்து

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கார்ன் பாம்பு இட்ட முட்டைகளில் ஓரத்தில் இருக்கும் அந்த ஒன்றில் ரத்தக்குழாய்கள் இரண்டு இடத்திலிருந்து கிளம்புகிற மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் டார்ச்சை நம்பி இரட்டை என்று முடிவு கட்டிவிடாதே. ஒரே குட்டியின் குழாய்கள் இரண்டு கொத்தாகத் தெரிவதும் உண்டு. பெரும்பாலும் பொரிக்கிற அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். இரட்டை என்றே வைத்துக்கொண்டு தயாராக இரு, நஷ்டமில்லை.

படம் எடுக்க முட்டையைக் கையில் தூக்கியிருக்கிறாய். இனி வேண்டாம். கோழி அடைகாக்கும்போது முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பாம்பு முட்டையையும் புரட்டத் தோன்றும். கோழிமுட்டையில் மஞ்சள்கருவை நடுவில் பிடித்து நிறுத்தும் வெள்ளைச் சுருள் கயிறு பாம்பு முட்டையில் கிடையாது. கரு மேல்பக்கத்து ஓட்டை ஒட்டி வளரும். தலைகீழானால் மஞ்சள்கருவின் பாரம் அதன்மேல் இறங்கிவிடும். பென்சிலால் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்துவிடு. பக்கத்து முட்டையோடு ஒட்டியிருந்தால் பிரிக்காதே. மெழுகு மாதிரி மஞ்சளாகக் கிடக்கும் அந்தக் கூமுட்டைகூட ஒட்டியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று நாற்பதாவது நாள் என்றாய். 28 டிகிரியில் கார்ன் பாம்பு சுமார் 60 நாளில் பொரிக்கும், நாலைந்து நாள் முன்பின் ஆகலாம். சீக்கிரம் பொரிக்கட்டும் என்று சூட்டை ஏற்றாதே. 32-ஐத் தாண்டினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரும். முட்டைக்கு அடியில் ஈரம் காக்கப் போட்டிருக்கும் வெர்மிகுலைட் துகளை ஒரு பிடி எடுத்துப் பிழி: ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரைப் பெட்டியின் ஓரத்தில் விடு, முட்டைமேல் படக் கூடாது. கடைசி வாரங்களில் குட்டிகளுக்குக் காற்று அதிகம் தேவைப்படும். வாரம் ஒருமுறை திறந்த மூடியை இனி இரண்டு மூன்று முறை திற. கடைசி வாரத்தில் முட்டையில் குழி விழுந்தால் பயப்படாதே. இப்போதே விழுந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம்.

இரட்டை இரண்டு விதம். ஒரே ஓட்டுக்குள் இரண்டு மஞ்சள்கரு மாட்டிக்கொண்டால் இரண்டும் வெறும் உடன்பிறப்பு. ஒரே கரு ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரிந்தால் அச்சு இரட்டை. பிரிவது பாதியில் நின்றுபோனால் இரட்டைத் தலைப் பாம்பு. அச்சு இரட்டைக்கு மஞ்சள்கரு ஒன்றே ஒன்று. சாதாரணக் குட்டி 6, 7 கிராம் இருக்கும் இடத்தில் இவை ஆளுக்கு 3, 4 கிராம்தான் தேறும். அதுவும் சரிபாதியாகப் பிரியாது, ஒன்று கொழுத்து இன்னொன்று நூலாக இருக்கும். நூலாக இருப்பது ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடப்பதும் சாதாரணம்.

பொரிக்கிற நாளிலும் இரட்டைகள் வீணாகலாம். முதல் குட்டி மேல்தாடை முனையிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டிக்கொண்டு ஒரு நாள், ஒன்றரை நாள் அப்படியே கிடக்கும். அந்த நேரத்தில்தான் மீதி மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. நாம் தொந்தரவு செய்தால் அவசரமாக வெளியே வரும், பின்னால் மஞ்சள்கருப் பையும் தொங்கும். அச்சு இரட்டை என்றால் அதே பையில்தான் இன்னொன்றின் தொப்புள்கொடியும் இருக்கும் என்பதை மறக்காதே.

ஆகவே மற்ற முட்டைகள் கீறத் தொடங்கி 24 மணி நேரம் ஆன பிறகு, அந்த முட்டை சும்மா இருந்தால் மட்டும் கத்தரி எடு. நுனி வளைந்த நகக் கத்தரி, கொதிநீரில் போட்டு எடுத்தது. புள்ளி வைத்த மேல்பக்கத்தில் ஓட்டை லேசாகக் கிள்ளித் தூக்கி ஒரு சென்டிமீட்டர் நறுக்கு. உள்சவ்வில் சிவப்புக் குழாய் ஓடினால் அங்கே தொடாதே. இரண்டு தலை தெரிந்தால் இரண்டாவதன் மூக்குக்கு நேரே இன்னொரு கீறல் போடு. முதல் குட்டி போனதும் ஓடு சுருங்கி ஒட்டிக்கொள்ளும், இரண்டாவதுக்குத் தனி வழி வேண்டும். அவ்வளவுதான் உன் வேலை. இழுக்காதே.

முதல் குட்டி தானாகக் கீறி வெளியே வந்துவிட்டால் ஓட்டைத் தூக்கி எறியாமல் உள்ளே பார். குட்டி மஞ்சள்கருப் பையோடு வெளியே வந்தால் ஈரமான கிச்சன் பேப்பர் விரித்த சின்ன டப்பாவில், அதே 28 டிகிரியில் விடு. இரண்டும் ஒரே கொடியில் மாட்டியிருந்தால் சேர்த்தே வை. பை வற்றிய பிறகும் பிரியவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் பிரித்துவிடட்டும், நீ நூல் கட்டாதே.

பிரிந்ததும் தனித்தனி டப்பா. பத்து நாளுக்குள் முதல் சட்டை உரிக்கும், அதன் பிறகுதான் தீனி. பிறந்த அன்றைய எலிக்குட்டிகூட இதன் வாய்க்குப் பெரிசு. உறைந்ததை வெந்நீரில் முழுதாக இளக்கி, ஒரு காலோ தலையோ வெட்டி வை. மூன்று நான்கு கிராம் உடம்பில் சேமிப்பு இல்லாததால் அடம் பிடித்தால் மற்ற குட்டிகளைப் போல வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் ஸ்கேல் ஒன்று வாங்கிவிடு.

அச்சு இரட்டையா என்று கேட்டாயே. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால் இல்லை. ஆமை, முதலை மாதிரி சூடு பார்த்து ஆணும் பெண்ணும் ஆகிற கதை பாம்பில் கிடையாது, எல்லாம் மரபணு. ஒன்று வெளிறி, ஒன்று சாதாரண நிறம் என்றாலும் இல்லை. புள்ளிகளின் அமைப்பு மட்டும் கொஞ்சம் மாறினால் அதை வைத்து முடிவு செய்யாதே. ஆணா பெண்ணா என்று பார்க்கப் பிறந்ததுமே வாலை அழுத்த வேண்டாம், நாலைந்து வேளை தின்று முடிக்கட்டும்.

இரண்டாவது தலை தெரிந்தால் மணி பார்க்காமல் கூப்பிடு. லண்டனுக்கும் நமக்கும் இப்போது நாலரை மணி நேரம்தானே.

அப்பா