செட்டியார் பொம்மையை நடக்கவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் இறுதியாண்டு ஸ்டாப் மோஷன் படம் முடிந்து, கல்லூரித் திரையிடலும் நல்லபடியாக நடந்துவிட்டது. இரண்டரை நிமிடப் படம். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு ஃபோட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே நடப்பதுபோலத் தெரியும், அதுதான் ஸ்டாப் மோஷன். கொலுப்படியில் மளிகைக்கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார், ராத்திரியில் பருப்பு திருட வரும் எலியைத் துரத்திக்கொண்டு படியிறங்குகிறார், அவ்வளவுதான் கதை. கடைசியில் பெயர்கள் ஓடிய வேகத்துக்கு யாரும் எழுத்துக்கூட்டிக்கூடப் படித்திருக்க முடியாது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி விளாச்சேரி ஐயாவுக்கு. கொலு பொம்மை செய்தே பழகியவரிடம் போய், "காலை நீட்டி மடக்குற மாதிரி செட்டியார் வேணும்" என்று நின்றோம். சுட்ட மண் எங்கேயப்பா மடங்கும் என்று சிரித்தார். அடுத்த முறை போனபோது தலையை மட்டும் காகிதக்கூழில், ஒரே அச்சில் நாலைந்தாக எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் வாய் மூடியிருந்தது, ஒன்றில் திறந்திருந்தது, ஒன்று பல்லைக் கடித்தது. அலுமினியக் கம்பியை முறுக்கி உடம்புக்கு எலும்பு செய்தது மட்டும்தான் நாங்கள். கண்ணில் கருவிழி வரையாமல் விட்டதும் ஐயாவின் யோசனை. அங்கே துளி களிமண்ணில் பாசிமணியைப் பதித்து, ஊசிமுனையால் நகர்த்தினோம். எலி வந்ததும் செட்டியாரின் கண் மட்டும் மெல்ல ஓரத்துக்குப் போகும் இடத்தில்தான் அரங்கில் முதல் சிரிப்பு எழுந்தது. அது உங்களுக்குச் சேர வேண்டியது ஐயா.

தையல்கடை அக்கா, உங்கள் வேட்டியைப் பாராட்டாதவர் இல்லை. பொம்மையைத் தொடும்போதெல்லாம் துணியின் மடிப்பு மாறும். ஓட்டிப் பார்த்தால் காற்றே இல்லாத அறையில் வேட்டி படபடக்கும். 1933-இல் வந்த 'கிங் காங்' படத்திலேயே குரங்கின் ரோமம் இப்படித்தான், பொம்மையை அசைத்தவர்களின் விரல் பட்டுச் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். அக்கா இந்தக் கதையையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்தார், துணியை முக்கினார், பொம்மைமேலேயே காயவைத்தார். "மொடமொடன்னு இருந்தாத்தானே செட்டியாரு?"

அத்தை மாடி அறையைக் கொடுத்ததைவிட, அந்த அறையை எட்டிப் பார்க்காமல் இருந்தது பெரிய காரியம். நொடிக்கு 12 படம் என்றால் நிமிடத்துக்கு 720. நடுவில் யாராவது ஒரு பொம்மையை இடித்தால் அந்தக் காட்சியே போச்சு. வெளிச்சம் மாறக்கூடாதென்று ஜன்னல்களைக் கறுப்புத்துணியால் அடைத்திருந்தோம். பங்குனி வெயிலில் ஃபேனும் கிடையாது. கூட்ட, துடைக்க, துணி காயப்போட என்று ஒருவரையும் அத்தை மேலே ஏறவிடவில்லை. இந்த வேலையில் உதவி என்பது பாதிக்குமேல் சும்மா இருப்பதுதான். வீட்டில் எல்லோரும் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. செட்டியார் கடை வெல்லத்தைத் தேடி வந்த எறும்புகள் மட்டும் அத்தைக்குக் கட்டுப்படவில்லை. இரண்டு இடத்தில் படத்திலேயே இருக்கின்றன.

எங்கள் வழிகாட்டி சாருக்கும் நன்றி. துவண்டு உட்கார்ந்திருந்த ஒருநாள், களிமண் பொம்மைப் படங்களுக்குப் பெயர்போன இங்கிலாந்துக்காரர் நிக் பார்க், மாணவராக 1982-இல் தொடங்கிய 'ஏ கிராண்ட் டே அவுட்' என்ற ஸ்டாப் மோஷன் படம் 1989-இல்தான் முடிந்தது, அதுவும் 23 நிமிடப் படம் என்று ஆறுதல் சொன்னார். சொன்ன கையோடு, "உங்களுக்கு அடுத்த மாசம் முப்பதாம் தேதி" என்றார்.

எலக்ட்ரீஷியன் அண்ணே, உங்களை மறப்போமா? கீழே மிக்ஸி ஓடினால் மேலே விளக்கு ஒரு கணம் மங்கும். நம் கண் அதைக் கண்டுகொள்ளாது, கேமரா விடாது; ஓட்டினால் செட்டியார்மேல் மின்னல் வெட்டும். அத்தையிடம் சட்னி அரைக்காதீர்கள் என்றா சொல்ல முடியும்? பழைய ஆட்டோ பேட்டரியைத் தோளில் சுமந்துவந்து, 12 வோல்ட் எல்இடி பட்டையை அதிலேயே இணைத்துக் கொடுத்தீர்கள். அதற்குப்பிறகு கரண்ட் போனாலும் எங்களுக்குக் கவலையில்லை. கூலி கேட்டால் "படத்துல பேரு போடு தம்பி" என்றீர்கள். போட்டிருக்கிறோம். பேட்டரி அத்தை வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.