ஜீன் ஹார்லோவை அவர் அம்மா கொல்லவில்லை: பழைய ஹாலிவுட் கதை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய ஹாலிவுட் கதைகளைத் தமிழில் சொல்லிவரும் யூடியூப் நண்பர்களுக்கும், பத்திரிகைகளில் சினிமாப் பக்கம் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வரும்வரை கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்ப்பது பழக்கம். அப்படித்தான் 1930-களின் ஹாலிவுட் நட்சத்திர நடிகை ஜீன் ஹார்லோ எனக்கு அறிமுகம் ஆனார். அவரைப் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால், திரும்பத் திரும்ப ஒரே கதைதான் கிடைக்கிறது. மகள் உயிருக்குப் போராடியபோது மதநம்பிக்கை பிடித்த அம்மா டாக்டரை வீட்டுக்குள் விடவில்லையாம். இன்னொரு வீடியோவில், தலைமுடிக்குப் போட்ட சாயம் மூளைக்கு ஏறி இறந்துபோனாராம். வேறொருவர் முதலிரவில் கணவர் அடித்த அடியில் சிறுநீரகம் கெட்டது என்கிறார். மூன்றுமே தவறு. நீங்கள் நல்ல ஆராய்ச்சி செய்து பேசக்கூடியவர்கள் என்று தெரியும், அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 1911 மார்ச் 3 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு பல் மருத்துவரின் மகளாகப் பிறந்தவர் ஹார்லீன் கார்பென்டர். அவர்தான் பின்னாளில் ஜீன் ஹார்லோ. வீட்டில் எல்லோரும் ‘பேபி’ என்றே கூப்பிட்டதால், பள்ளிக்கூடத்தில் சேரும்வரை தன் உண்மையான பெயரே அவருக்குத் தெரியாது என்பார்கள். 15 வயதில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கோடைகால முகாமுக்குப் போன இடத்தில் அவருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. தகவல் கேட்டு ஓடிவந்த அம்மா, முகாம் ஏரிக்கு அக்கரையில் இருந்ததால், ஒரு படகை எடுத்துத் தானே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். தொற்றுநோய் என்பதால் மகளைப் பார்க்க அவரை விடவில்லை.

இந்த அம்மாவைத்தான் நீங்கள் கொலைகாரி ஆக்குகிறீர்கள். அவர் குறையில்லாத தாய் என்று நான் சொல்லவரவில்லை. தான் நடிகையாக வேண்டும் என்று கனவு கண்டு, வயது தாண்டிவிட்டது என்று ஹாலிவுட் கைவிரித்தபின் மகள் வழியாக அந்தக் கனவை நடத்திக்கொண்டவர். மகளின் பணத்தில் வாழ்ந்தவர், மகளின் வாழ்க்கை முழுவதையும் தன் கைக்குள் வைத்திருந்தவர். இதையெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். செய்யாத ஒன்றை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

ஸ்கார்லெட் காய்ச்சல் என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது. தொண்டை புண்ணாகும், உடம்பு சிவந்து தடிக்கும். காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் கழித்து, அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு எழுப்பிய எதிர்ப்பே சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குவது உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரியாகிவிடும். சிலருக்கு ஆகாது. வெளியே ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாகத்தான் இருப்பார். உள்ளே ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டே வரும். ஹார்லோவுக்கும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பதே அவர் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்தவர்கள் வந்துசேர்ந்த முடிவு. அவருக்குக் காய்ச்சல் வந்த 1926-ல் பென்சிலின் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

அதாவது, அவர் நடித்த ஒவ்வொரு படத்திலும் நாம் பார்ப்பது அந்த நோயைச் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை. 1929-ல் லாரல் ஹார்டியின் குறும்படம் ஒன்றில் டாக்ஸியிலிருந்து மிடுக்காக இறங்கி, கவுன் கார் கதவில் மாட்டிக் கிழிந்தது தெரியாமல் உள்ளாடையோடு ஹோட்டலுக்குள் நடந்துபோகிறாரே, அப்போது அவருக்கு 18 வயது. அதே காலத்தில் தயாரிப்பாளர் ஹோவர்டு ஹியூஸ் பெரும் பணம் கொட்டி எடுத்துவந்த விமானப் படம் ஊமைப்படத்திலிருந்து பேசும்படமாக மாறியது. கதாநாயகியாக நடித்த நார்வே நடிகையின் ஆங்கில உச்சரிப்பு சரிவராததால் அந்த இடம் ஹார்லோவுக்குக் கிடைத்தது. ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ 1930-ல் வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். ‘பிளாட்டினம் பிளாண்ட்’ (வெள்ளிபோல் வெளுத்த பொன்னிற முடிக்காரி) என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது ஹியூஸின் விளம்பரக் குழு. ஹார்லோவின் முடி நிறத்தை அச்சு அசலாகக் கொண்டுவரும் அழகுக்கலைஞருக்கு 10,000 டாலர் பரிசு என்று போட்டிகூட வைத்தார்கள். அந்த நிறத்துக்காகப் பெராக்சைடு, அம்மோனியா, துணி வெளுக்கும் பிளீச், சோப்புத்தூள் எல்லாம் கலந்து தலையில் தேய்த்ததாக அவருடைய சிகையலங்காரக்காரர் சொன்னது பதிவாகியிருக்கிறது. தலைத்தோல் எரியும், முடி கொட்டும். கொட்டவும் செய்தது. அவர் விக் வைத்து நடித்தார், பிறகு நிறத்தையே பழுப்புக்கு மாற்றிக்கொண்டார். பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உண்மை, அதனால் இந்தக் கதையும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் ஹார்லோவின் தலையில் தேய்த்த கலவை வேறு, அவரைக் கொன்ற நோய் வேறு.

கணவர் கதைக்கு வந்தால், பால் பெர்னை அவர் மணந்தது 1932 ஜூலையில். செப்டம்பரில் பெர்ன் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார், தற்கொலை என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறீர்கள். அடித்ததால் சிறுநீரகம் போனது என்ற துணுக்கு 1964-ல் வந்த ஒரு வாழ்க்கை வரலாற்றால் ஊரெல்லாம் பரவியது. மறுத்துச் சொல்ல ஹார்லோவும் இல்லை, 1958-ல் இறந்துவிட்ட அம்மாவும் இல்லை. அந்தப் புத்தகம் விற்றுத் தீர்ந்தது. மறு ஆண்டே அவர் பெயரையே தலைப்பாக வைத்து இரண்டு படங்கள் வந்தன. அதே 1965-ல் ஹார்லோ தானே எழுதிவைத்திருந்த நாவலும் அச்சாகி வெளிவந்தது. அவர் நாவல் எழுதியவர் என்று உங்களில் ஒருவராவது சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசி வாரங்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் வேலையில் இருக்கிற யாரும் இதை வெறும் கதையாகப் படிக்க முடியாது.

1937 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் பிறந்தநாள் விழாவுக்காக வாஷிங்டன் போனவர் ஃப்ளூ காய்ச்சலோடு திரும்பினார். மார்ச்சில் ஞானப்பற்களைப் பிடுங்கினார்கள், அது பெரிய சிக்கலாகி மருத்துவமனையில் கிடந்தார். சரியாகத் தேறாமலே ‘சரட்டோகா’ படப்பிடிப்புக்குப் போனார். மே 20 வாக்கில் அசதி, குமட்டல், வயிற்றுவலி, உடம்பில் நீர்க்கட்டு என்று வரிசையாக ஆரம்பித்தது. டயாலிசிஸ் வார்டில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்கூட இந்தப் பட்டியலைக் கேட்டதும் ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, எவ்வளவு என்றுதான் கேட்பார். அன்றைய ஸ்டூடியோ மருத்துவர் பித்தப்பை வீக்கமும் ஃப்ளூவும் என்று முடிவு செய்தார். மே 29 அன்று, காய்ச்சல்காரியாக நடிக்க வேண்டிய ஒரு காட்சியின்போது, தாங்க முடியவில்லை, என்னை மேக்கப் அறைக்குக் கூட்டிப்போங்கள் என்று சக நடிகர் மேல் சாய்ந்துவிட்டார். அவர் காதலித்துக்கொண்டிருந்த நடிகர் வில்லியம் பவல் தன் படப்பிடிப்பை விட்டுவிட்டு வந்து வீட்டுக்கு அழைத்துப்போனார்.

மறுநாளும் தேறவில்லை என்றதும் வெளியூர் போயிருந்த அம்மாவைப் பவல்தான் வரவழைத்தார். மருத்துவர் வந்தார். செவிலியர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்தார்கள். அம்மா கிறிஸ்தவ விஞ்ஞானம் என்ற நம்பிக்கையைப் பின்பற்றியவர் என்பது உண்மை, அந்த மரபில் மருந்தைவிடப் பிரார்த்தனைக்கு முதலிடம் என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளிலிருந்து மூன்றாவதாக ஒரு பொய் முளைத்தது. வீட்டுக்கதவு மருத்துவருக்குத் திறந்தே இருந்தது. வந்த மருத்துவர் இதுவும் பித்தப்பைதான் என்று சொன்னார். தவறியது அங்கே. இன்னொரு மருத்துவர் வந்து பார்த்து, இது சிறுநீரகம், அதுவும் கடைசிக் கட்டம் என்று கண்டுகொண்டபோது காலம் கடந்துவிட்டது.

பார்க்க வந்த நடிகர் கிளார்க் கேபிள், முகமும் உடம்பும் ஊதியிருந்ததையும், முத்தமிடக் குனிந்தபோது மூச்சில் மூத்திர வாடை அடித்ததையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வாடை எனக்குத் தெரியும். யூரியா என்ற கழிவு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் மூச்சில் அது வரும். பல ஆண்டு வேலை பார்த்தும் பழகிப்போகாத வாடை அது. ஜூன் 6 அன்று, பவல் நீட்டிய விரல்கள் எத்தனை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் குட் சமாரிட்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், நினைவு தப்பியது. மறுநாள் ஜூன் 7, முற்பகல் 11.37-க்கு உயிர் பிரிந்தது. வயது 26.

சரி, முதல் நாளே சரியாகக் கண்டுபிடித்திருந்தால்? அப்போதும் அவரைக் காப்பாற்ற வழி இருந்திருக்காது. நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தன் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை ஒரு நோயாளிக்கு முதன்முதலாகப் பயன்படுத்தியது 1943-ல்தான். அதுவும் போர்க்காலத்தில், தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயை மரச்சட்ட உருளையில் சுற்றிச் செய்தது. அதில் ஒருவர் பிழைத்து எழுந்தது 1945-ல். பாஸ்டனில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954-ல். நீண்டகால டயாலிசிஸ் என்பது 1960-ல் சியாட்டிலில் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் முந்தியவர் ஹார்லோ.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். எங்கள் வார்டுக்கு இளம் வயதில் வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு குற்றச்சாட்டும் கூடவே வருகிறது. அம்மா சரியாகக் கவனிக்கவில்லை, கண்டதைத் தின்றான், கண்டதைப் பூசினாள், கல்யாணம் ஆகிப் போன இடம் சரியில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் நாலு மணி நேரம் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் யாருக்கும் தெரியாமல் உள்ளே வளர்ந்த ஏதோ ஒரு நோய். ஹார்லோவின் அம்மாவை வில்லியாக்கும் உங்கள் வீடியோவை நோயாளி ஒருவரின் தாய் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் சாவை மட்டும் சொல்வதால் அவர் நடிப்பைச் சொல்ல நேரமே இருப்பதில்லை. 1933-ல் வந்த ‘டின்னர் அட் எயிட்’ படத்தில் படுக்கையில் சாக்லேட் தின்றபடி கணவனோடு சண்டை போடும் காட்சிகளைப் பாருங்கள். எதிரே வாலஸ் பியரி இடிமுழக்கமாகக் கத்துகிறார், இவர் அதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு வார்த்தைகூடப் பிசகுவதில்லை. கடைசிக் காட்சியில் தான் ஒரு புத்தகம் படித்ததாக அவர் சாதாரணமாகச் சொல்ல, கூட நடந்துவரும் மேரி டிரெஸ்லர் அதிர்ச்சியில் தடுக்கிவிழப் பார்ப்பார். சிரிப்பு டிரெஸ்லருக்குத்தான் போய்ச்சேரும். ஆனால் அந்த வரியை அவ்வளவு வெள்ளந்தியாகச் சொல்ல ஒருத்தி வேண்டுமே! தான் பேசுவது வேடிக்கை என்பது துளியும் தெரியாத முகத்தோடு பேச ஹார்லோவுக்குத்தான் வரும். நடிப்புத் தெரியாத அழகுப் பொம்மை என்று எழுதியவர்கள் மூன்றே ஆண்டுகளில் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு வந்த ‘பாம்ஷெல்’ படத்தில் அவர் நடித்தது ஒரு நட்சத்திரமாக. அவள் பணத்தில் ஒரு குடும்பமே தின்று தீர்க்கிறது, ஸ்டூடியோவின் விளம்பர ஆள் அவளைப் பற்றி நாளும் ஒரு வதந்தியை இட்டுக்கட்டிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறான். அவள் என்ன செய்தாலும் அந்தப் பொய்களிலிருந்து வெளியே வர முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவரைப் பற்றி இன்னொரு கட்டுக்கதை சொல்ல உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் அவரை நேசித்தார்கள். இறந்த செய்தி வந்த அன்று எம்ஜிஎம் ஸ்டூடியோவின் உணவகத்தில் மூன்று மணி நேரம் ஒரு சத்தமும் எழவில்லை என்று அங்கே இருந்த எழுத்தாளர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ‘சரட்டோகா’வை வேறு நடிகையை வைத்து மறுபடி எடுக்கலாம் என்று ஸ்டூடியோ நினைத்தபோது ரசிகர்கள் விடவில்லை. மிச்சக் காட்சிகளை முகம் காட்டாத மாற்று நடிகைகளை வைத்து முடித்து ஜூலையில் வெளியிட்டார்கள். நோய் முற்றிய நிலையில் ஹார்லோ நடித்த காட்சிகள் அந்தப் படத்தில் அப்படியே இருக்கின்றன.

என் வேண்டுகோள் பெரிதல்ல. பழைய வீடியோக்களின் தலைப்பிலிருந்து ‘தாயே கொன்ற நடிகை’ போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். கீழே ஒரு குறிப்பாவது போடுங்கள்: சிறுநீரகச் செயலிழப்பு, அன்று சிகிச்சை இல்லை. அடுத்த முறை அவரைப் பற்றிப் பேசும்போது மருத்துவமனைக்குப் போகும் முன் அந்தச் சாக்லேட் காட்சிக்குப் போங்கள். மருத்துவப் பகுதியைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் எழுதும் முன்பே கேளுங்கள், இரவுப் பணி இல்லாத நாளில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு ஹார்லோ ரசிகை