அந்த நிலாவெளிப் படம் உன்னிடம் இருக்கிறதா?

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

நலம். நீயும் வீட்டாரும் சுகமென்று நினைக்கிறேன். நீ கேட்ட பத்திரகாளி அம்மன் கோயில் திருநீற்றை அக்காவிடம் கொடுத்தாயிற்று, அங்கே வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவார். கட்டையன் பென்சன் எடுத்துவிட்டான். இப்போது முழுநேரமாக எங்களுக்குப் புத்தி சொல்கிறான். மான்கள் வழக்கம்போல் ரோட்டின் நடுவில் படுத்திருக்கின்றன. ஊர்ப் புதினம் இவ்வளவுதான்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் இரண்டு. அக்காவுக்கு டிஜிட்டல் போட்டோ பிரேம் அனுப்பப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய், அது ஒன்று. மற்றது, உன்னிடம் எனக்கு ஒரு படம் வேண்டும். அதைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்டால் நீ மிச்சத்தை வாசிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா?

நீ கடையில் பிடித்து அனுப்பிய பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 10 அங்குலம், விலை மலிவு, மேலே கொட்டை எழுத்தில் 1080பி சப்போர்ட் என்று போட்டிருக்கிறான். அதை நம்பாதே. அவ்வளவு பெரிய ஃபைலை அது திறக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். திரையில் உண்மையில் எத்தனை புள்ளி என்பது பெட்டியின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். 1280×800 என்றிருந்தால் எடு. 1024×600 என்றாலும் தூரத்திலிருந்து பார்க்கப் பரவாயில்லை. 800×480 என்றிருந்தால், அக்காவின் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அம்மாள் வந்ததுபோலத் தெரியும், வைத்துவிட்டு வா.

அம்மாவுக்கு நான் வாங்கியது 8 அங்குலம், 1024×768. அகலமான திரையைத்தான் எல்லாரும் விரும்புகிறார்கள். கடைக்காரப் பெடியனும் அதைத்தான் தள்ளினான். ஆனால் எங்களிடம் இருக்கிற படங்களில் பாதி நிமிர்ந்து நிற்கிற ஆட்கள். கலியாணப் படம், சாமத்தியப் படம், பள்ளிக்கூடத்தில் கோப்பையோடு நிற்கிற படம் எல்லாம் நெடுக்குவாட்டில் எடுத்தவை. அகலத் திரையில் அவை நடுவிலே ஒடுங்கி நிற்க, இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். திரையில் பாதிகூட நிரம்பாது. நாலுக்கு மூன்று அளவுத் திரையில் பாதியாவது நிரம்பும், போனில் குறுக்காக எடுத்த படமென்றால் முழுதாகப் பொருந்தும். 8 அங்குலம் சின்னதுதான். ஆனாலும் அதே 8 அங்குல அகலத் திரையைவிடப் படம் இதில் பெரிதாய்த் தெரியும்.

எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் கெடாத ஐபிஎஸ் திரையா என்று கட்டாயம் பார். நல்ல காலம், எனக்கு இதைக் கட்டையன் சொன்னான் (புத்தி சொல்வதிலும் சில நேரம் புத்தி இருக்கிறது). அம்மா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி மேலே பார்ப்பார். மலிவான டிஎன் திரையைக் கீழே இருந்து பார்த்தால் முகமெல்லாம் கருகி, வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் தெரியும்.

வைஃபை விஷயத்தில் அக்காவுக்கும் அம்மாவுக்கும் ஒரே மருந்து சரிவராது. உன் பிள்ளைகள் அங்கே போனில் எடுத்த படம் அடுத்த நிமிடம் உப்புவெளியில் அக்காவின் ஹோலில் தெரியவேண்டுமென்றால் வைஃபை உள்ளதைத்தான் வாங்கவேண்டும். மலிவான பிரேம்களில் கன இடத்தில் ஃபிரேமியோ என்கிற ஆப்தான் ஓடுகிறது. பிரேம் ஒரு கோட் தரும், அதை வைத்திருப்பவர்கள் மட்டும் படம் அனுப்பலாம். படம் பிரேமுக்குள்ளேயே தங்கிவிடும், ஆகவே லைன் அறுந்தாலும் பழைய படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். படத்தையெல்லாம் தன் சேர்வரில் வைத்துக்கொண்டு மாதக் காசு கேட்கிறவர்களிடம் போகாதே. அவர்கள் கடையைப் பூட்டினால் உன் பிரேம் வெறும் கண்ணாடி. இன்னொன்று, இந்த மலிவுச் சாமான்களில் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும், அக்கா வீட்டு ரவுட்டரை நான் போய்ப் பார்த்துவைக்கிறேன்.

அம்மாவுக்கு மெமரி கார்ட் போடுகிறதுதான் சரி. யாரும் எங்கிருந்தோ திடீரென்று ஒரு படத்தைத் தள்ளிவிட்டு, அது என்ன, யார், எங்கே என்று நான் நாள் முழுக்கப் பதில் சொல்லத் தேவையில்லை. கார்ட் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். கார்ட்டில் ஃபைல்களை அடுக்கிவைக்க வேறுவேறு முறை இருக்கிறது. 64 ஜிபி கார்ட் எக்ஸ்ஃபாட் முறையில் வருகிறது, மலிவு பிரேம்களில் பலதுக்கு ஃபாட் 32 தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது. ஐபோன் பிள்ளைகளிடம் சொல், எச்இஐசி படம் இதில் திறக்காது, ஜேபெக் ஆக மாற்றித்தான் தரவேண்டும். ஜேபெக்கிலும் புரோகிரசிவ் என்று ஒரு சாதி இருக்கிறது, இணையத்திலிருந்து இறக்கிய படங்கள் சில அப்படி வரும், அதையும் சில பிரேம்கள் தொடாது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களைத் திருப்பிக் காட்டவும் இதற்குத் தெரியாது. சின்ன மாமி கோணேசர் கோயில் படிக்கட்டில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அவர் எழும்பிப் போய்விட்டார். கொம்பியூட்டரில் நிமிர்த்தி, நீளப் பக்கம் 1024 ஆகச் சுருக்கித் திரும்பச் சேமித்தால் எல்லாம் சரி. ஃபைலும் சில நூறு கேபிக்கு இறங்கிவிடும், படம் மாறுவதற்குத் திக்கித் திணறாது.

கரண்ட் பில்லைப் பற்றி அக்கா கட்டாயம் கேட்பார். என்னுடையது 5 வோல்ட், 2 அம்பியர். ஆகக் கூட 10 வாட். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் ஓடினாலும் மாதம் 4 யூனிட்டைத் தாண்டாது. இரவில் தானாக நின்று காலையில் தானாகத் தொடங்குகிற டைமர் இருக்கிறதா என்று பார். 5 வோல்ட்டாக இருந்தால் கரண்ட் போனாலும் பவர் பேங்கில் ஓடும், 2022இல் தினமும் கரண்ட் வெட்டியபோது இது இல்லாமல் போய்விட்டதே என்றுதான் எனக்குக் கவலை. அங்கத்தைய அடப்டரில் 100-240 என்று எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள். அந்தத் தட்டை இரட்டைப் பல் எங்கள் சதுர ஓட்டைக்குள் நுழையாது, பிளக் மாற்றுவது இங்கே பெரிய காசில்லை.

சரி, சாமான் கதை முடிந்தது. இனி வீட்டுக் கதை.

பிரேமை ஹோலில் வைத்துக் கலந்து ஓடவிட்டோம். அப்பா வந்தார். பிறகு சின்னவன் கேக் வெட்டினான். பிறகு அம்மம்மா. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். சின்ன மாமிதான் தொடங்கினார்: “இருக்கிறதுகளையும் போனதுகளையும் ஒண்டாக் கலக்கிறதோ?” நீயே சொல், எங்கள் வீடுகளில் போனவர்களுக்கென்று ஒரு சுவர், மாலை, சின்ன லைட். இருக்கிறவர்களின் படத்தை யாராவது அந்தச் சுவரில் மாட்டுவார்களா? கட்டையன் விடவில்லை. ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கிறோமே, அப்போது எங்கே போனது உங்கள் சாத்திரம் என்றான். மாமி சொன்ன பதிலுக்கு அவனிடம் சரக்கில்லை: “ஆல்பத்தைப் பூட்டி அலுமாரிக்குள்ள வைக்கிறம். இது நாள் முழுக்க ஹோலுக்குள்ள ஓடுதெல்லோ.”

எனக்கு உள்ளுக்குள் மாமியின் கட்சிதான், வெளியே சொல்லவில்லை. கடைசியில் இரண்டு ஃபோல்டர் என்று தீர்ப்பாயிற்று. இந்தச் சாமானுக்குத் தமிழ்ப் பெயர் போட்டால் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது, அதனால் ஏ, பி என்று வைத்தோம். ஏயில் இருக்கிறவர்கள், அது தினமும் ஓடும். பியில் போனவர்கள், அது திவசத்துக்கும் ஆடி அமாவாசைக்கும், அம்மா கேட்கிற வெள்ளிக்கிழமைகளுக்கும். அரைவாசிப் பேர் இருந்து அரைவாசிப் பேர் போன கலியாணக் குறூப் படங்களை என்ன செய்வதென்று ஒரு பின்னேரம் முழுக்க வழக்கு நடந்தது. மங்களமான படம், ஏயில் இருக்கட்டும் என்று மாமி பெரிய மனது பண்ணினார்.

சின்னவன்தான் லப்டொப்பில் பெயர் வாசித்து வாசித்துப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான், “பெரியப்பா ஏயா, பியா?”

அவன்மேல் பிழையில்லை மச்சான். அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முந்திய கதை. எல்லாவற்றுக்கும் சட்டம் சொன்ன மாமி, பால் பொங்குகிறதென்று குசினிக்குப் போய்விட்டார். அடுப்பில் பாலே இல்லை. கட்டையன் வாசலைப் பார்த்தான். இவ்வளவு காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் இந்தக் கேள்வியை இப்படி நேராகக் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன், அண்ணாவின் பெயரை ஐயர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை அம்மா எப்படி அனுப்பினார் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன்.

“அவன ஏயில போடு” என்றார் அம்மா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

சின்னவன் படத்தை எடுத்துப் போட்டான். எந்தப் படம் என்று உனக்குத் தெரியும், அடையாள அட்டைக்கு எடுத்து, பிறகு பெருப்பித்தது. ஆணைக்குழு, காணாமல் போனோர் அலுவலகம், வெயிலில் நின்ற போராட்டங்கள் என்று அந்தப் படம் போகாத இடமில்லை. அம்மா அதைத் திரையில் பார்த்துவிட்டு, “இது வேண்டாம். இது கந்தோருக்குக் கொண்டுபோற படம். அவன் வீட்டில இருக்கிற படமாப் போடு” என்றார்.

எங்கே போவது? 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியே இல்லை. டச்சுக் குடாவில் சித்தி வீட்டில் மிஞ்சியிருந்த பெட்டியை 2004 மார்கழியில் கடல் கொண்டுபோயிற்று. இருக்கிற இந்த ஒன்றில் அவன் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முறைத்தபடி இருக்கிறான். அவன் கழுத்துப் பொத்தான் பூட்டி நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? நெஞ்சுவரை திறந்துவிட்டுக்கொண்டு ரவுணைச் சுற்றியவன்.

இப்போது அம்மா தினமும் கேட்கிறார். நச்சரிப்பில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, “அண்ணான்ர படம் கிடைச்சுதோ?” என்பார். சின்னவன் ஃபைல்களுக்கு வரிசை எண் போட்டிருக்கிறான், பெயர் வரிசையில்தான் பிரேம் காட்டும். எனக்கு முந்திய எண்ணை வெறுமையாக விட்டிருக்கிறான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். நிலாவெளிக்குச் சைக்கிளில் போன அன்று உன் மாமாவின் கமராவில் நீ எடுத்த படம். பின்னால் புறாத்தீவு. அண்ணா என் சைக்கிளின் முன் சில்லைத் தூக்கிப் பிடித்திருப்பான், நான் விழப் போகிற மாதிரி கத்திக்கொண்டிருப்பேன், கட்டையனின் அரைவாசி முகம் ஓரத்தில் இருக்கும் (ஒழுங்காக எடுக்க உனக்கு அன்றைக்கும் தெரியாது). அந்த ஆல்பத்தை நீ வெளிக்கிடும்போது கொண்டுபோனாய், புகையிரத நிலையத்தில் பெட்டியைப் பூட்ட முடியாமல் அதைத்தான் வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தாய். பிறகு எத்தனை வீடு மாறினாயோ எனக்குத் தெரியாது. நிலவறை, மேல் தட்டு, மனைவி கட்டிவைத்த பெட்டிகள் எல்லாவற்றையும் கிளறு.

கிடைத்தால், ஆல்பத்தின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தால் இழுத்துக் கிழிக்காதே, ஒட்டியபடியே ஸ்கேன் பண்ணு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வை. ஸ்கேனர் இல்லையென்றால் கூகுளின் போட்டோஸ்கேன் ஆப்பைப் போடு. நாலு மூலையிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கும், பளபளப்பு விழாது. நீயாக ஃபிளாஷ் அடித்து எடுக்காதே. அந்தக் காலத்து கலர்ப் படங்கள் சிவந்து போயிருக்கும், நிறத்தைச் சரிசெய்கிறேன் என்று கை வைக்காமல் அப்படியே அனுப்பு, சின்னவன் பார்த்துக்கொள்வான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்கியூமெண்ட் ஆக அனுப்பு, அல்லது ஈமெயிலில் போடு.

கிடைக்கவில்லையென்றாலும் உடனே சொல். கட்டையன் தன் மச்சாள் வீட்டில் ஒரு கொப்பி இருக்கலாம் என்கிறான். அவன் சொல்வதை நம்பிக் கிண்ணியாவுக்குப் போவதா என்று உன் பதிலைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்